முதல் மாசப் பணம் எப்போ வரும்? ஏஐ ஆராய்ச்சிக்குப் போகும் வடசென்னை மாணவர்களுக்கான நிதி வழிகள்

வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரி என்று வடசென்னைக் கல்லூரிகளில் கணிதமும் கணினி அறிவியலும் படித்து வெளியே வரும் பிள்ளைகளிடம் செயற்கை நுண்ணறிவில் ஆராய்ச்சி செய்யும் ஆசை நிறையவே இருக்கிறது. அதை வீட்டில் சொன்னதும் இரண்டு கேள்விகள் வரும். மாசம் எவ்வளவு தருவாங்க? எப்போதிலிருந்து தருவாங்க? முதல் கேள்விக்கான விடை அரசு அறிவிப்புகளிலேயே இருக்கிறது. இரண்டாவதுக்கு யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை. ஆராய்ச்சிக்குப் போக நினைத்துப் பாதியில் நின்றுவிடுகிறவர்கள் பலரும் நிற்பது அந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். உதவித்தொகைத் திட்டங்கள் இருக்கின்றன. அந்தப் பணம் கைக்கு வரும் வரை தாக்குப்பிடிக்கத்தான் வழி தெரிவதில்லை.

ஒரு வருடத்தின் நாள்காட்டியைப் பாருங்கள். ஏப்ரலில் கடைசி செமஸ்டர். கேம்பஸில் வேலை கிடைத்த நண்பனுக்கு ஜூன், ஜூலையில் சம்பளம் தொடங்கிவிடும். ஆராய்ச்சிக்குப் போகிறவருக்கு ஐஐடி போன்ற இடங்களில் மார்ச், ஏப்ரலில் விண்ணப்பம், மே மாதத்தில் நேர்காணல். நெட் தேர்வு (ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்குமான தேசியத் தகுதித் தேர்வு) ஜூன் சுற்றில் எழுதினால் முடிவு வரச் சில வாரங்கள். பிறகு பல்கலைக்கழகச் சேர்க்கை, வழிகாட்டி ஒதுக்கீடு, பதிவு, ஜாயினிங் ரிப்போர்ட். முதல் தொகை வங்கிக் கணக்கில் விழுவதற்குள் பொங்கல் தாண்டிவிடுவதும் உண்டு. அப்பாவின் சம்பளம் துறைமுகத்திலோ காசிமேட்டிலோ அன்றன்றைக்கு வருகிற வீட்டில், மூத்த பிள்ளை எட்டு மாதம் வருமானம் இல்லாமல் இருப்பது சாதாரண விஷயமில்லை.

‘முறைகள்’ என்றால் என்ன, அதற்கு ஏன் தனியாகப் பணம் தேட வேண்டும்

ஏஐ ஆராய்ச்சி என்று பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஏற்கெனவே உள்ள ஒரு மாடலை (தரவிலிருந்து கற்றுக்கொண்ட கணினி நிரலை) எடுத்து எக்ஸ்ரே படத்திலோ பயிர்ப் படத்திலோ ஓட்டிப் பார்ப்பது பயன்பாடு. குறைந்த தரவில் மாடலைக் கற்க வைப்பது எப்படி, அது சொல்லும் விடையை எந்த அளவுக்கு நம்பலாம், ஏன் தவறுகிறது என்று கேட்பது முறைகள் பற்றிய ஆராய்ச்சி. நிதி அறிவிப்புகளில் பெரும்பாலானவை முதல் வகையைத்தான் கேட்கும்: மருத்துவம், வேளாண்மை, மொழி, நகரம். முறைகளில் ஆர்வம் உள்ளவர் தன் கேள்வியை ஒரு பயன்பாட்டோடு இணைத்துச் சொல்லப் பழக வேண்டும். அதில் சமரசம் ஒன்றும் இல்லை. நல்ல முறைக் கேள்விகள் பலவும் களத்திலிருந்துதான் வருகின்றன.

எண்ணூரையே எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுக்கும் ரேடார் படங்கள் யாருக்கும் இலவசம். நீரின் மேல் எண்ணெய் படர்ந்தால் சிற்றலைகள் அடங்கிவிடும். அலை அடங்கிய இடம் ரேடார் படத்தில் கறுப்பாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், காற்றில்லாத நாளில் வெறும் தண்ணீரும் அதே மாதிரி கறுப்பாகத்தான் தெரியும். ‘இது எண்ணெய்’ என்று உறுதியாகக் குறிக்கப்பட்ட படங்களோ கைவிரலில் எண்ணும் அளவு. ஆக, அப்படிக் குறிக்கப்பட்ட சில படங்களை மட்டும் வைத்துக் கற்றுக்கொண்டு, ‘எனக்கு இது நிச்சயமில்லை’ என்று சொல்லவும் தெரிந்த ஒரு மாடல் வேண்டும். இது சுத்தமான முறைக் கேள்வி. சுற்றுச்சூழல் நிதிக்கும் விண்ணப்பிக்கலாம், கணினி அறிவியல் நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். ஸ்டான்லி மருத்துவமனையின் நோயாளர் பதிவுகள், மாதவரத்தில் இருக்கும் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தரவு என்று இப்படிப்பட்ட கேள்விகள் வடசென்னைக்குள்ளேயே கிடக்கின்றன. ஆராய்ச்சி நிறுவனங்கள் கிண்டி, தரமணி, சிறுசேரி என்று தெற்கே குவிந்திருக்கலாம். கேள்விகள் இங்கே இருக்கின்றன.

கையோடு எடுத்துப் போகக்கூடிய பணம்

ஆராய்ச்சி உதவித்தொகைகளில் முக்கியமான பிரிவினை ஒன்று உண்டு. சில உதவித்தொகைகள் உங்கள் பெயரில் வரும். எந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும் கூடவே வரும். சில, நிறுவனத்தோடு கட்டப்பட்டவை. அந்த இடத்தில் சேர்ந்தால்தான் உண்டு. அரசுக் கல்லூரியிலிருந்து வருகிறவருக்கு முதல் வகையின் மதிப்பு அதிகம். உதவித்தொகையோடு வரும் மாணவரைச் சேர்த்துக்கொள்ள வழிகாட்டிகள் தயங்குவதில்லை.

அந்த வகையில் முதலிடம் நெட் தேர்வின் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்கு. கணினி அறிவியல் படித்தவர் பல்கலைக்கழக மானியக் குழுவின் யுஜிசி நெட் எழுத வேண்டும். கணிதம் படித்தவர் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தின் சிஎஸ்ஐஆர் நெட். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு சுற்றை வீணாக்குகிறவர்கள் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை உதவித்தொகை) ஆனதும் 42,000. மொத்தம் 5 வருடம். விடுதி தரப்படாவிட்டால் வீட்டு வாடகைப் படியும் உண்டு. யுஜிசி ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 ஆண்டுத் தளர்வு. தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. எம்.எஸ்ஸி. இறுதியாண்டிலேயே எழுதலாம். எழுதிவிடுங்கள். படிப்பு முடியட்டும் என்று காத்திருப்பதுதான் மேலே சொன்ன எட்டு மாதத்தைப் பதினாறு மாதமாக்குகிறது.

இங்கே தமிழ்நாட்டுக்காரர்கள் சறுக்கும் ஒரு படி இருக்கிறது. நம் கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுகளுக்குச் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், ‘கிரீமி லேயரில் வராதவர்’ என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. கடந்து தாசில்தார் கையெழுத்தாகி வர நாளாகும். நிதியாண்டு மாறினால் பழைய சான்றிதழை ஏற்க மறுப்பதும் உண்டு. தேர்வு அறிவிப்பு வந்த பிறகு தண்டையார்பேட்டை தாலுகா ஆபீசுக்கு ஓடுவதைவிட, ஏப்ரல் மாதத்திலேயே போட்டுவைப்பது நிம்மதி.

எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய ஃபெலோஷிப்கள் தனியே உள்ளன. தொகை ஜே.ஆர்.எஃப். அளவேதான். தமிழக அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை, முழுநேர பிஎச்.டி. படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. மாசத்துக்குப் பிரித்துப் பார்த்தால் 8,300 ரூபாய் சொச்சம். அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது, ஆனாலும் நெட்டில் ஜே.ஆர்.எஃப். கிடைக்காத ஒருவருக்கு அது பெரிய கைப்பிடி. ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வு வைத்துத் தரப்படும் முதலமைச்சர் ஆராய்ச்சி ஊக்கத்தொகையும் இருக்கிறது.

மண்ணடி, ராயபுரம் பகுதிகளின் சிறுபான்மை மாணவர்கள் நம்பியிருந்த மௌலானா ஆசாத் ஃபெலோஷிப் 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டுவிட்டது. மற்றத் திட்டங்களோடு மேற்பொருந்துகிறது என்று காரணம் சொன்னார்கள். அதை நான் ஏற்கவில்லை. ஒரு கதவைச் சாத்தும்போது அடுத்த கதவில் இடத்தைக் கூட்டியிருக்க வேண்டும். ஓ.பி.சி. பட்டியலில் உள்ள சமூகத்தவர் இப்போது ஓ.பி.சி. ஃபெலோஷிப் வழியில்தான் போக வேண்டும்.

நிறுவனத்தோடு கட்டிய பணத்தில் பெரியது பிரதமர் ஆராய்ச்சி ஃபெலோஷிப். 2018-ல் தொடங்கியது. முதல் இரண்டு வருடம் மாதம் 70,000, மூன்றாம் வருடம் 75,000, அடுத்த இரண்டு வருடம் 80,000, கூடவே ஆண்டுக்கு 2 லட்சம் ஆராய்ச்சிச் செலவுக்கு என்று வகுக்கப்பட்ட திட்டம். ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே. பலருக்குத் தெரியாதது, ஏற்கெனவே அங்கே பிஎச்.டி. சேர்ந்தவர்களும் பக்கவாட்டு நுழைவில் இதற்குப் போட்டியிடலாம் என்பது. ஆகவே ஐஐடியில் சாதாரண உதவித்தொகையில் சேர்ந்துவிட்டு, நல்ல கட்டுரை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு இதற்கு முயல்வது நடைமுறைக்கு ஒத்துவரும் பாதை. 2025 பட்ஜெட்டில் ஐந்து ஆண்டுகளில் 10,000 ஃபெலோஷிப்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் விஸ்வேஸ்வரய்யா பிஎச்.டி. திட்டமும் நிறுவனம் வழியாகத்தான் வரும். அதில் பகுதிநேர ஆய்வாளர்களுக்கும் இடம் உண்டு என்பது சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளில் பாடம் எடுத்துக்கொண்டே ஆய்வு செய்யும் உதவிப் பேராசிரியர்கள் கவனிக்க வேண்டியது.

பணம் எங்கே தேங்குகிறது

யுஜிசி வழி உதவித்தொகைகள் கனரா வங்கியின் இணையதளம் மூலம் வருகின்றன. ஆய்வாளர் அந்த மாதம் பணியில் இருந்தார் என்று பல்கலைக்கழகத்தில் ஒருவர் ஏற்ற வேண்டும். அவருக்கு ‘மேக்கர்’ என்று பெயர். அதை இன்னொருவர் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், அவர் ‘செக்கர்’. இது மாதாமாதம் நடக்க வேண்டும். மேக்கர் விடுப்பில் போனாலோ, செக்கர் மாற்றலாகிப் போய் அடுத்தவருக்கு லாகின் வரவில்லை என்றாலோ, உங்கள் பெயர் அந்த மாதப் பட்டியலில் ஏறாது. பிறகு நான்கைந்து மாதப் பணம் அரியராக மொத்தமாக வரும். பணம் போய்விடவில்லை, ஆனால் அந்த நான்கைந்து மாத வாடகையை வீட்டுக்காரர் அரியராக வாங்கிக்கொள்ள மாட்டார்.

இதனால்தான் சேர்க்கைக்கு முன்பு ஒரு துறையைப் பற்றி விசாரிக்கும்போது, வழிகாட்டியின் கட்டுரைகளைப் பார்ப்பதோடு நிற்காதீர்கள் என்று வற்புறுத்துகிறேன். அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் சீனியர் ஒருவரைப் பிடித்து, “அக்கா, முதல் பணம் வர எத்தனை மாசம் ஆச்சு? நடுவுல நின்னுச்சா?” என்று கேளுங்கள். அந்த ஒரு பதில், துறையின் இணையப் பக்கம் முழுவதையும்விட உங்களுக்கு உபயோகம்.

நடுவில் உள்ள ஒரு வருடம்

படிப்புக்கும் பிஎச்.டி.க்கும் இடையிலான இடைவெளியைச் சம்பளத்தோடு கடக்க வழிகள் இருக்கின்றன. அவைதான் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மிகக் குறைவாகத் தெரிந்தவை.

ஐஐடி மெட்ராஸில் உள்ள ராபர்ட் பாஷ் தரவு அறிவியல் மையம், இளநிலைப் பட்டம் முடித்தவர்களை ஆய்வுப் பணியில் அமர்த்தும் போஸ்ட்-பாக்கலாரியேட் ஃபெலோஷிப் நடத்திவருகிறது. 2024-ல் தொழிலதிபர் சுனில் வாத்வானி அளித்த 110 கோடி ரூபாயில் தரவு அறிவியலுக்கும் ஏஐக்கும் தனிப் பள்ளியே அங்கே வந்துவிட்டது. இந்திய மொழிகளுக்கான ஏஐ4பாரத் ஆய்வகமும் அங்கேதான்; 2022-ல் நிலேகனி அறக்கொடை 36 கோடி ரூபாய் தந்தது. தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குவதில், அதிலும் வடசென்னைப் பேச்சைப் புரிந்துகொள்ளும் மாடல்களில் வேலை செய்ய ஆசையுள்ளவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் பக்கத்தில் இல்லை. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் ஒன்றிரண்டு ஆண்டு ரிசர்ச் ஃபெலோ பணி தருகிறது, கூகுளும் பிஎச்.டி.க்கு முந்தைய ஆய்வுப் பணிகள் வைத்திருக்கிறது. அங்கிருந்து நல்ல பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்கள் நிறைய.

இவை எல்லாம் பெரிய பெயர்கள், போட்டியும் அதிகம். ஆனால் எந்தப் பேராசிரியருக்கு அரசுத் திட்டம் கிடைத்தாலும் அதில் புராஜெக்ட் அசோசியேட், ஜே.ஆர்.எஃப். என்ற பணிப் பெயர்களில் ஆள் எடுக்க ஒரு தலைப்பில் பணம் ஒதுக்கியிருப்பார்கள். நெட் அல்லது கேட் (பொறியியல் முதுநிலைத் தகுதித் தேர்வு) தேர்ச்சி இருந்தால் அதில் சம்பளம் கூடும். அறிவிப்பு துறையின் பக்கத்தில் ஒரு பிடிஎஃபாக வரும், பத்துப் பதினைந்து நாளில் கெடு முடியும். அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி, தரமணியின் கணித அறிவியல் நிறுவனம், சிறுசேரியின் சென்னை கணிதக் கழகம் ஆகிய நான்கின் அறிவிப்புப் பக்கங்களை வாரம் ஒரு முறை பார்க்கிறவர் கண்ணில் ஏதாவது ஒன்று படும். திட்டப் பணியில் சேர்ந்தபடியே அங்கேயே பிஎச்.டி. பதிவு செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். கேட் தேர்வில் 2024 முதல் தரவு அறிவியலும் ஏஐயும் தனித் தாளாக வந்திருப்பதால், கணிதம், புள்ளியியல் பின்னணிக்காரர்களுக்கும் இந்த வாசல் அகலமாகியிருக்கிறது.

இன்னும் படித்துக்கொண்டிருக்கிறவர்கள், மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம், உதவித்தொகையோடு, ஒரு விஞ்ஞானியிடம் வேலை. அதிலிருந்து வரும் பரிந்துரைக் கடிதம் அடுத்த விண்ணப்பத்துக்கு உதவும். எங்கள் கல்லூரிப் பெயர் அவர்களுக்குத் தெரியாதே என்று தயங்காதீர்கள். பெயர் தெரிய வைப்பதற்கே இந்தத் திட்டம்.

ஜிபியு கணக்கு

முறைகளில் வேலை செய்கிறவருக்குக் கணினி ஆற்றலும் உணவு மாதிரி அன்றாடத் தேவை. மாடலைப் பயிற்றுவிக்க அந்த ஆற்றலைத் தரும் சில்லுதான் ஜிபியு. ஜே.ஆர்.எஃப்.பில் அறிவியல் பாடங்களுக்கு முதல் இரண்டு வருடம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கண்டிஜென்ஸி, அதாவது ஆய்வுச் செலவுக்கான பணம். 2024 மார்ச்சில் 10,371.92 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ மிஷன், மானிய விலையில் சராசரியாக மணிக்கு 65 ரூபாய்க்கு ஜிபியு தருகிறது. 38,000-க்கு மேல் ஜிபியுக்கள் அதில் சேர்ந்துள்ளன. அந்த விலையிலேயே 12,000 ரூபாய்க்கு 184 மணி நேரம்தான். எட்டு ஜிபியு சேர்த்து ஓட்டினால் ஒரு நாள்கூட முழுதாக வராது. பிரதமர் ஃபெலோஷிப்பின் 2 லட்சத்தில் அதே எட்டு ஜிபியு 16 நாள் ஓடும். உயர் ரக ஜிபியு என்றால் விலை இன்னும் கூடும்.

ஆகவே பெரிய மாடலைப் புதிதாகப் பயிற்றுவிக்கும் திட்டத்தோடு தொடங்காதீர்கள். குறைந்த தரவு, சிறிய மாடல், நம்பகத்தன்மை, கோட்பாடு போன்ற கேள்விகளுக்குக் கேகில் என்ற தரவு அறிவியல் இணையதளம் வாரம் 30 மணி அளவுக்கு இலவசமாகத் தரும் ஜிபியுவே பல மாதம் போதும். இதே மிஷனில் ஏஐகோஷ் என்ற தரவுத் தளமும், பி.டெக்., எம்.டெக்., பிஎச்.டி. மாணவர்களுக்கான ஃபெலோஷிப்பும் உண்டு.

பிஎச்.டி.க்குப் பிறகு

இந்தப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே வந்து சேர்ந்தவருக்கு வழி கேட்க ஆட்கள் இருப்பார்கள். 2023-ல் சட்டமாகி 2024 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, பழைய எஸ்.இ.ஆர்.பி.யின் (அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தின்) இடத்தில் இருக்கிறது. அதன் தேசிய போஸ்ட்-டாக் ஃபெலோஷிப் 2 வருடம். வயது வரம்பு 35, தளர்வுகள் உண்டு. பணியில் சேர்ந்த இளம் ஆசிரியர்களுக்குப் பிரதமர் இளம் ஆய்வாளர் மானியம், 3 ஆண்டுக்கு 60 லட்சம் வரை. கணிதம், கோட்பாடு சார்ந்த முறைகளுக்கு ‘மேட்ரிக்ஸ்’ திட்டம் ஆண்டுக்கு 2 லட்சம், 3 ஆண்டுகள். தொகை சிறிது, ஆனால் கருவி வாங்கத் தேவையில்லாதவருக்கு இது அளவான சட்டை. இளம் ஆய்வாளர்களுக்கான இன்ஸ்பயர் ஃபேகல்டி திட்டம் மாதம் 1,25,000 ரூபாயும் ஆண்டுக்கு 7 லட்சம் ஆய்வு மானியமும் 5 வருடம் தரும். குழந்தை, குடும்பம் என்று இடைவெளி விழுந்த பெண்களுக்கு அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ் திட்டங்கள் இருக்கின்றன.

வெளிநாடு என்றால், ஐரோப்பாவின் மேரி கியூரி டாக்டரல் நெட்வொர்க்குகளில் பிஎச்.டி. என்பது சம்பளத்தோடு கூடிய வேலை. எஸ்.சி. மாணவர்களுக்கு மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும், தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் உண்டு. மாநாட்டுக் கட்டுரை ஏற்கப்பட்டால் பயணச் செலவுக்குக் கணினி அறிவியலாளர் அமைப்பான ஏசிஎம் இந்தியாவிடம் மானியம் கேட்கலாம். நியூரிப்ஸ் போன்ற பன்னாட்டு ஏஐ மாநாடுகளே மாணவர்களுக்கு நிதி உதவி தருகின்றன.

இவ்வளவு திட்டங்களிலும் இல்லாத ஒன்று, படிப்பு முடிந்த மாதத்திலிருந்து முதல் உதவித்தொகை வரும் மாதம் வரைக்குமான இணைப்புத் தொகை. தமிழக அரசு 2024-25 பட்ஜெட்டில் தமிழ்நாடு செயற்கை நுண்ணறிவு இயக்கத்தை 13.93 கோடி ரூபாயில் அறிவித்தது. பிஎச்.டி. சேர்க்கைக் கடிதமோ ஜே.ஆர்.எஃப். கடிதமோ கையில் வைத்திருக்கும் அரசுக் கல்லூரி மாணவர்கள் 100 பேருக்கு, மாதம் 25,000 வீதம் ஆறு மாதம் கொடுத்தால் வருடத்துக்கு 1.5 கோடி ஆகும். அரியர் வந்ததும் திருப்பித் தரும் வட்டியில்லாக் கடனாகவே கொடுக்கலாம். அப்போது அதே பணம் அடுத்த வருடம் அடுத்த நூறு பேருக்குச் சுற்றும். வடசென்னை வளர்ச்சித் திட்டத்திலேயே இதற்கு ஒரு பங்கு ஒதுக்கினாலும் நல்லது. உயர்கல்வித் துறையின் அடுத்த மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பு, கல்லூரி முதல்வர்களும் தொகுதி எம்.எல்.ஏ.க்களும் எழுத்தில் கேட்கக்கூடிய விஷயம் இது.